ஊசி முனையும் தகட்டின் அளவும்

சர்க்கார் உத்தியோகத்தில் ஒருவன் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யாததால் கலைக்கு லாபம் உண்டாயிற்று என்றால் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். ஆனால் 1854-ஆம் வருஷம் வாஷிங்டன் நகரத்தில் அப்படித்தான் நடந்தது.

அமெரிக்க அரசாங்கத்தின் கடற்கரை சர்வே இலாகாவில் இருபது வயது வாலிபன் ஒருவன் வேலைக்கு அமர்ந்தான். அந்த வருஷம்தான் ராணுவக் கல்லூரியிலிருந்து அவனை அனுப்பிவிட்டிருந்தார்கள். ரசாயனப் பாடத்தில் தேறவில்லை. இலாகாவில் அவனுக்குக் கொடுத்த வேலை, கப்பலோட்டிகளுக்கு உபயோகமாகும்படி கரையோரத் தோற்றங்களைச் செப்புத் தகட்டில் தீட்டுவது. கலிபோர்னியாவுக்கு எதிரே கடலில் இருக்கும் அனகாபா என்ற பாறைத் தீவின் தகட்டில் அவனுக்கும் பங்கு இருந்தது. அந்தத் தீவை அவன் கண்ணால் பார்த்ததில்லை. யாரோ போய்ப் பார்த்து வரைந்து வந்ததை வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். பாறை, அதன் உயரம், கரையின் வளைவு, இவ்வளவுதான் இலாகாவுக்கு வேண்டியது. வாலிபன் பாறைக்கு மேலே இரண்டு கூட்டம் கடற்பறவைகளைப் பறக்க விட்டான்.

மாலுமிக்கு அந்தப் பறவைகளால் ஒரு பிரயோசனமும் இல்லை. நாளைக்கு அங்கே கப்பல் போகும்போது அவை அதே இடத்தில் பறந்துகொண்டிருக்கும் என்று எந்த சர்வே இலாகாவும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆனாலும் அந்தத் தகட்டை இன்று யாராவது ஞாபகம் வைத்திருந்தால் அது பறவைகளுக்காகத்தான். வாலிபனின் பெயர் ஜேம்ஸ் மக்நீல் விஸ்லர். சில மாதங்களிலேயே வேலையை விட்டான். 1855-இல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியவன் பிறகு தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. ஆனால் இலாகாவில் கற்ற தொழிலைக் கையோடு கொண்டுபோனான். ரசாயனத்தில் தேறாத அந்தப் பையன் பிற்காலத்தில் திராவகத்தைக் கொண்டே உலகப் பிரசித்தி அடைந்தான்.

அந்தத் தொழிலுக்கு எட்சிங் என்று பெயர். சிநேகிதர் ஒருவர் எனக்கு இரவல் கொடுத்த தடிமனான படப் புத்தகம் ஒன்றை ஒரு மாதமாக வைத்துக்கொண்டு திருப்பித் தர மனமில்லாமல் இருக்கிறேன். சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டின் பின்பகுதியில் அமெரிக்கர்கள் செய்த எட்சிங் படங்கள் அதில் இருக்கின்றன. நான் ஓவியம் படித்தவன் அல்ல, கதை எழுதுகிறவன். ஆனால் இந்தப் படங்களின் கதையில் கதை எழுதுகிறவனைச் சுருக்கென்று குத்தும் விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எட்சிங் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வழவழப்பான செப்புத் தகட்டின் மேல் திராவகம் தாக்காத மெழுகுப் பூச்சு ஒன்றை மெல்லியதாகத் தடவுகிறார்கள். பூச்சு காய்ந்ததும் ஊசியால் அதன் மேல் வரைகிறார்கள். ஊசி போன இடத்தில் பூச்சு விலகிச் செம்பு தெரிகிறது. பிறகு தகட்டைத் திராவகத்தில் வைத்தால், செம்பு தெரிந்த இடத்தை மட்டும் அது அரித்துப் பள்ளமாக்குகிறது. கொஞ்ச நேரம் வைத்தால் மெல்லிய கோடு. அதிக நேரம் வைத்தால் அழுத்தமான கோடு. பூச்சைத் துடைத்துவிட்டு, பள்ளங்களில் மையை இழைத்து, மேலே ஒட்டிய மையை வழித்தெடுத்து, ஈரக் காகிதத்தை வைத்து யந்திரத்தின் உருளைக்கு அடியில் அழுத்தி எடுத்தால் படம். இடது பக்கம் வரைந்தது வலது பக்கம் விழும்.

இதற்கு முன்னால் தகட்டில் படம் செய்யும் முறை வேறு. உளி போன்ற கருவியால் உலோகத்தையே நேராகத் தோண்டி எடுக்க வேண்டும். வருஷக்கணக்கில் பயின்ற தொழிலாளியின் கை வேண்டும். பெரும்பாலும் ஒருவர் தீட்டிய ஓவியத்தை இன்னொருவர் பொறுமையாகத் தகட்டில் பெயர்த்தார். எட்சிங்கில் ஊசி மெழுகின் மேல் பேனா மாதிரி ஓடும். தொழிலாளியின் நடுவாந்தரம் தேவையில்லை. ஓவியன் தயங்கினால் கோடும் தயங்கும். அவன் துணிந்தால் கோடும் துணியும். கையெழுத்தைப் பார்த்து மனிதனைத் தெரிந்துகொள்வது போல. டச்சுக்கார ரெம்பிராண்ட் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதன் உச்சியைத் தொட்டுவிட்டார்.

அமெரிக்காவில் இந்தக் கலை ஓர் இயக்கமாகத் தொடங்கிய நாளைத் தேதியோடு சொல்லலாம். 1877, மே 2-ஆம் தேதி. நியூயார்க்கில் ஜேம்ஸ் டேவிட் ஸ்மில்லி என்பவருடைய சித்திரக்கூடத்தில் ஓவியர்கள் கூடினார்கள். அவர்கள் முன்னிலையில் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்னத் தகட்டைத் தயார் செய்து அச்செடுத்துக் காட்டினார்கள். மூவரில் ஸ்மில்லி தகடு செதுக்குகிறவரின் மகன். தகப்பனாரிடமே தொழில் பழகியவர். இரண்டாமவர் ராபர்ட் ஸ்வெய்ன் கிஃபோர்ட், இயற்கைக் காட்சிகள் தீட்டுகிறவர். மூன்றாமவர் லெராய் மில்டன் யேல். அவர் ஒரு டாக்டர்! நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் தகட்டையும் திராவகத்தையும் வைத்துக்கொண்டிருந்தவர். அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்த நியூயார்க் எட்சிங் கிளப்புக்கு அந்த டாக்டர்தான் முதல் தலைவர்.

எனக்கு இந்தக் காட்சி மிகவும் பிடித்திருக்கிறது. தொழிலாளியின் மகன் ஒருவர், ஓவியர் ஒருவர், வைத்தியர் ஒருவர். விலை பற்றிய பேச்சே இல்லை. உள்ளங்கை அளவுத் தகடு ஒன்றிலிருந்து ஈரக் காகிதத்தைத் தூக்கிப் பார்க்கிறார்கள். அந்த நிமிஷத்தின் சந்தோஷம் தவிர வேறெதுவும் அவர்கள் கேட்கவில்லை. எந்த இலக்கிய இயக்கத்தின் ஆரம்பமும் இப்படித்தான் இருக்கும். நாலு பேர், ஒரு அறை, கையெழுத்துப் பத்திரிகை ஒன்று. பிறகு வருவதெல்லாம் வேறு சமாசாரம்.

பாஸ்டனில் ஸில்வெஸ்டர் ரோசா கேலர் என்பவர் இருந்தார். ஜெர்மனியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். கல்லச்சுக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து அச்சுத் தொழிலின் நெளிவுசுளிவுகளைக் கற்றவர். அவர் 1879-இல் ஒரு கலைப் பத்திரிகையை ஆரம்பித்து, அமெரிக்கர்கள் செய்த அசல் எட்சிங் படங்களை அதில் சேர்த்துக் கொடுத்தார். புகைப்பட நகல் இல்லை; ஓவியரின் தகட்டிலிருந்தே அடித்த படம். சந்தா கட்டிய குடும்பஸ்தன் வீட்டுக்கு ஓவியனுடைய கைக்கோடு தபாலில் வந்தது. இரண்டே வருஷம்தான் பத்திரிகை நடந்தது. நல்ல பத்திரிகைகளின் ஆயுள் எல்லாத் தேசத்திலும் அவ்வளவுதான் போலிருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் பலருக்கு ருசி பிறந்துவிட்டது.

இந்தப் புத்தகத்தில் என்னை அதிகமாக நிறுத்தி வைத்த பெயர் மேரி நிம்மோ மோரான். ஸ்காட்லாந்தில் நெசவாளி ஒருவருக்குப் பிறந்து, குழந்தைப் பருவத்தில் அமெரிக்கா வந்த பெண். தாமஸ் மோரான் என்ற பெரிய ஓவியரின் மனைவி. கணவரே குரு. அவர் மேற்கு அமெரிக்காவின் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் சுவர் கொள்ளாத அளவுக்குத் தீட்டிப் புகழ் பெற்றவர். 1879-இல் அவர் மறுபடியும் மேற்கே பிரயாணம் புறப்பட்டபோது, சில தகடுகளில் மெழுகு பூசி மனைவியிடம் கொடுத்து, முயற்சி செய்து பார் என்று சொல்லிவிட்டுப் போனாராம். கணவர் மலைகளைத் தேடிப் போனார். மனைவி குழந்தைகளோடு இருந்த இடத்திலேயே, ஈஸ்டன் என்ற ஊரின் ஓடையையும் பாலத்தையும் தகட்டில் வரைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு.

இரண்டே வருஷத்தில், 1881-இல், லண்டனில் புதிதாக ஏற்பட்ட எட்சிங் ஓவியர் சங்கம் அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. சங்கத்தின் தலைவர் ஸீமோர் ஹேடன். இவரும் ஒரு வைத்தியர்தான். சத்திர சிகிச்சை நிபுணர். திராவகத்துக்கும் டாக்டர்களுக்கும் என்ன உறவோ! மேரி தம் படங்களில் முழுப்பெயர் போடாமல் முதல் எழுத்தை மட்டும் போட்டுக் கையெழுத்திடுவார். ஆகவே தேர்ந்தெடுத்தவர்கள் அவரை ஓர் ஆண் என்றே நினைத்துக்கொண்டார்கள். சங்கத்தில் அன்று அவர் ஒருவரே பெண்.

இதைப் பெண்ணின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு விமரிசகன் இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்தப் பெரிய மனிதர்கள் அவருடைய கோட்டைத்தான் பார்த்தார்கள், ஆளைப் பார்க்கவில்லை. அதனால்தான் நியாயமாகத் தீர்ப்புச் செய்ய முடிந்தது. ஆள் யாரென்று தெரிந்த பிறகு எழுதினவர்கள், ஆண்பிள்ளையின் கை மாதிரி உறுதியான கை என்று புகழத் தொடங்கினார்கள். இந்தப் புகழ்ச்சியில் எனக்குச் சம்மதமில்லை. அவருடைய ஈஸ்ட் ஹாம்ப்டன் கிராமத்துப் படங்களைப் பாருங்கள். வீட்டுப் பக்கத்துக் குளம், மரங்கள், அந்தி நேரம், வீடு திரும்பும் மாடுகள். பெரும்பாலும் வெட்டவெளியில் உட்கார்ந்து, முன்கூட்டி மாதிரிப்படம் எழுதிக்கொள்ளாமல், தகட்டிலேயே நேராக வரைந்தவை. மரத்தை இலை இலையாக எண்ணவில்லை. காற்று மரத்தை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்று மட்டும் பார்த்தார். தினசரி அந்த வழியாகப் போய்வருகிறவளுக்குத்தான் எதை விடலாம் என்று தெரியும். அந்தத் துணிச்சலுக்கு ஆண்மை என்று பெயர் வைப்பானேன்? பழக்கத்தால் வந்த உரிமை அது.

அதே 1881-இல் ஹேடன் இன்னொரு தவறும் செய்தார். ஃபிராங்க் டூவனெக் என்ற அமெரிக்கர் லண்டன் கண்காட்சிக்கு வெனிஸ் நகரத்துப் படங்கள் அனுப்பியிருந்தார். அவற்றைப் பார்த்த ஹேடனுக்கு, இது விஸ்லர் வேறு பெயரில் செய்கிற விஷமம் என்று சந்தேகம் வந்துவிட்டது. விஸ்லர் ஹேடனுக்கு மைத்துனர். இருவருக்கும் வெகுநாள் மனஸ்தாபம். விசாரணை வரைக்கும் போயிற்று. விஸ்லர் சும்மா இருப்பாரா? கடிதங்களையெல்லாம் சேர்த்துத் துண்டுப் பிரசுரமாகவே அச்சிட்டுவிட்டார். ஒரு பெண்ணை ஆண் என்றும், ஒருவரை மற்றொருவர் என்றும் நினைத்தது வேடிக்கைதான். ஆனாலும் கோட்டைப் பார்த்தே ஆளை அடையாளம் காணலாம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. அந்தக் காலத்தின் ஆரோக்கியம் அது. பின்னால் வந்தவர்கள் கோட்டைப் பார்ப்பதை விட்டுக் கையெழுத்தைத் தேடினார்கள். நோய் அங்கேதான் ஆரம்பமாயிற்று.

1882-இல் ஹேடன் அமெரிக்காவுக்கு வந்து ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். எட்சிங் பற்றித் தெரியாதவன் நாகரிகமில்லாதவன் என்ற எண்ணம் பரவிற்று. நடுத்தர வீடுகளின் முன்னறைச் சுவர்களுக்கு எண்ணெய் வர்ண ஓவியம் வாங்க முடியாது, எட்சிங் வாங்கலாம். கடைக்காரர்களும் பிரசுரகர்த்தர்களும் விழித்துக்கொண்டார்கள். செம்பு மிருதுவான உலோகம். நிறையப் பிரதி எடுத்தால் கோடு தேய்ந்துவிடும். அதற்கும் வழி இருந்தது. மின்சார முறையில் தகட்டின் மேல் இரும்புப் பூச்சு ஒன்று ஏற்றினால் கோடு சீக்கிரம் தேயாது.

இங்கே ஒரு சங்கடம். எவ்வளவு வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றால், வாங்குகிறவன் ஏன் அதிக விலை கொடுக்க வேண்டும்? ஆகவே அபூர்வம் என்பதைச் செயற்கையாகத் தயாரிக்க வேண்டியிருந்தது. பழைய காலத்தில் எட்சிங் செய்கிறவர், ஊசியையோ திராவகத்தையோ பரீட்சை செய்ய, தகட்டின் ஓரத்தில் சின்னதாக எதையாவது கிறுக்குவார். முதல் சில பிரதிகள் எடுத்த பிறகு அதைத் தேய்த்து அழித்துவிடுவார். ஓரக் கிறுக்கல் உள்ள பிரதி என்றால் முதலில் எடுத்தது என்று அர்த்தம். வியாபாரிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஓரத்தில் ஒரு சின்னப் படத்தை வேண்டுமென்றே வரையச் செய்து, அந்தப் பிரதிகளுக்குத் தனி விலை வைத்தார்கள். தோல் காகிதத்தில் ஒரு விலை, ஜப்பானியக் காகிதத்தில் ஒரு விலை, பட்டுத் துணியில் ஒரு விலை, பென்சிலில் ஓவியர் கையெழுத்திட்டிருந்தால் ஒரு விலை. மூத்திரளாக நடுவில் இருக்கும் படத்தை யாரும் கேட்பதில்லை. ஓரத்தில் கிறுக்கல் இருக்கிறதா என்று கேட்டார்கள். தகடுகளும் வளர்ந்தன. சோபாவுக்கு மேலே சுவர் பெரிதாக இருக்கிறதே!

இந்தச் சமயத்தில் ஹொபோகன் என்ற ஊரின் எட்சிங் சங்கம் ஒரு போட்டி வைத்தது. ஐரோப்பாவில் இருந்த விஸ்லருக்கும் அழைப்பு அனுப்பினார்கள். முதல் நிபந்தனையே, தகடு குறைந்தபட்சம் இரண்டடிக்கு மூன்றடி இருக்க வேண்டும் என்பது. அதற்குப் பதிலாக விஸ்லர் எழுதியவை 1886-இல் வெளியான அவருடைய பிரசித்தமான பிரகடனங்கள். அவர் சொன்னதன் சாரம் இது: ஒரு கலையின் கருவி எவ்வளவு தாங்குமோ அதற்கு மேல் அதை வேலை வாங்குவது குற்றம். எட்சிங்கின் கருவி, இருப்பதில் மிக நுண்ணிய முனை. ஆகவே அது நிரப்புகிற இடமும் சிறியதாக இருக்க வேண்டும். பிரம்மாண்டமான தகடு என்பது அறியாமையின் ஆடம்பரம். ஓரக் கிறுக்கல், அகலமான வெள்ளை ஓரம் எல்லாம் ஒழிய வேண்டியவை.

சொன்னபடி அவர் செய்தும் காட்டியவர். 1879-இல் அவர் திவாலாகிவிட்டார். கையில் காசில்லை, வீடு போயிற்று. லண்டன் ஸ்தாபனம் ஒன்று வெனிஸுக்குப் போய்ப் பன்னிரண்டு எட்சிங் செய்து வாருங்கள், மூன்று மாதம் அவகாசம் என்று அனுப்பியது. மூன்று மாதம் பதினாலு மாதம் ஆயிற்று. பன்னிரண்டு தகடு சுமார் ஐம்பது ஆயிற்று. வெனிஸ் என்றால் எல்லாரும் வரைகிற மாதாகோவில்களையும் அரண்மனைகளையும் விட்டுவிட்டு, வாசற்படி, சந்து, வறியவர்களின் முற்றம் என்று தேடிப் போனார். அவருடைய வெனிஸ் இரவுக்காட்சி ஒன்றில் கோடுகள் மிகக் குறைவு. தகட்டைத் துடைக்கும்போது மையை முழுவதும் வழித்தெடுக்காமல் மெல்லிய படலமாக விட்டுவிடுவார். அதுவே இருட்டாகவும் தண்ணீராகவும் ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் துணி பிடித்த கையின் போக்குக்கு ஏற்ப ஒவ்வோர் இரவு. விஸ்லர் விளம்பரம் அறியாத சந்நியாசி என்று நான் சொல்லவில்லை. வெள்ளை ஓரத்தைக் கத்தரித்துவிட்டு, தம் பட்டாம்பூச்சிக் கையெழுத்துக்கு மட்டும் ஒரு சின்ன நாக்கு விட்டு வைத்தாரே, அதுவும் ஒரு ஜம்பம்தான். ஆனால் அந்த ஜம்பம் படத்தைக் கெடுக்கவில்லை.

அவருடைய விதியை அப்படியே ஒப்புக்கொண்டு கட்டுரையை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். புத்தகத்தில் வின்ஸ்லோ ஹோமர் குறுக்கிட்டார்.

ஹோமர் வாலிப வயதில் பத்திரிகைக்குப் படம் போட்டவர். உள்நாட்டு யுத்தத்தில் பாசறைகளுக்குப் போய் அவர் வரைந்தவற்றை, வேறு ஆட்கள் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டார்கள். பிறகு மேய்ன் மாகாணத்துக் கடலோரத்தில் தனியே போய்க் குடியிருந்தார். 1884-லிருந்து 1889-க்குள் எட்டுப் பெரிய எட்சிங்குகள் செய்தார். விஸ்லரின் சட்டப்படி குற்றவாளிதான். அவற்றில் 1887-இல் வந்த ஒன்றைப் பாருங்கள். நண்பகல் மணியைப் பெயராகக் கொண்ட படம். கப்பலின் விளிம்பில் இரண்டு மாலுமிகள் கருவியைக் கண்ணருகே வைத்துச் சூரியனின் உயரத்தை அளக்கிறார்கள். அவ்வளவுதான். முந்தின வருஷம் இதையே அவர் வர்ணத்தில் தீட்டியிருந்தார். தகட்டுக்கு வரும்போது சுற்றுப்புறத்தைக் குறைத்து, ஆட்களை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். தகடு பெரிதாயிற்று, விஷயம் சிறிதாயிற்று. இரண்டு பேரின் குனிந்த கவனம் மட்டும் மிச்சம். அந்தக் கவனத்துக்கு அவ்வளவு இடம் வேண்டும்தான்.

ஆகவே குற்றம் தகட்டின் அளவில் இல்லை என்று எனக்குப் படுகிறது. சொல்ல இருப்பதற்கும் இடத்துக்கும் உள்ள பொருத்தத்தில் இருக்கிறது. சுவரை நிரப்ப வேண்டும் என்பதற்காக மரம் மேல் மரமாக நட்டு, மேகம் மேல் மேகமாகக் குவித்த தகடுகள்தான் செத்துப்போயின. வேடிக்கை என்னவென்றால், ஹோமரின் தகடுகள் அன்று விலை போகவில்லை. அவர் கசந்துபோய் எட்சிங்கையே விட்டுவிட்டார். மேகம் குவித்தவர்கள் விற்றார்கள். ஆனால் அதிக காலம் இல்லை. சந்தை நிரம்பி வழிந்தது. எல்லா வீட்டிலும் இருப்பது அபூர்வம் ஆகாது என்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. 1890-களில் நியூயார்க் எட்சிங் கிளப்பே ஓய்ந்துவிட்டது. ஒரு சின்னத் தகட்டில் பிறந்த இயக்கம் பதினைந்து, பதினாறு வருஷத்தில் பெரிய தகடுகளின் அடியில் நசுங்கிவிட்டது.

அப்படியானால் குறைந்த பிரதி என்பதே மோசடியா? அதுவும் இல்லை. பென்ஸில்வேனியாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த மேரி கஸாட் 1890-இல் அங்கே நடந்த ஜப்பானியப் படக் கண்காட்சியைப் பார்த்துக் கிறங்கிப்போனார். அடுத்த வருஷமே பத்து வர்ணப் படங்களை வெளியிட்டார். திராவகமில்லாமல் ஊசியால் நேரே செம்பைக் கீறும் முறையும், பரவலான நிழலுக்காகத் தகட்டைப் பொடிப்பொடியாக அரிக்கும் முறையும் கலந்தவை. ஒரு படத்தில் ஒரு பெண் மேஜை முன்னால் தலைகுனிந்து கடித உறையை உதட்டில் வைத்து ஒட்டுகிறாள். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அவள் உதட்டில் உறை பட்ட அந்த ஒரு கணத்துக்குப் பிறகு கடிதத்தை மாற்ற முடியாது என்பது தெரிகிறது. ஒரு சிறுகதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தப் படங்களை ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து பிரதிதான் எடுத்தார். லெராய் என்ற அச்சுத் தொழிலாளியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரதிக்கும் தகடுகளில் வர்ணத்தைக் கையாலேயே தடவி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் அழுத்தி எடுக்க வேண்டும். ஊசி கீறின விளிம்பில் நிற்கும் செம்புப் பிசிறுதான் கோட்டுக்கு மிருதுவைத் தருவது. அதுவும் சீக்கிரம் நசுங்கிவிடும். ஆக, இருபத்தைந்து என்ற கணக்கைச் செம்பும் அவர் முதுகெலும்புமாகச் சேர்ந்து போட்டன. ஓரக் கிறுக்கலின் கணக்கு கடைக்காரர் போட்டது. இரண்டும் அபூர்வம்தான். ஒன்று உழைப்பின் எல்லை. மற்றது தந்திரத்தின் எல்லை. வித்தியாசத்தை ரசிகன் கண்டுபிடிக்க முடியும், கோட்டைப் பார்த்தால்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். நாவலாசிரியனும் பிரதிகளால் பிழைக்கிறவன்தான். என் கையெழுத்துப் பிரதியை யாரும் வாங்குவதில்லை; அச்சான பிரதியைத்தான் வாங்குகிறார்கள். பல வருஷங்களுக்கு முன்பு வாரப் பத்திரிகை ஒன்றில் என் தொடர்கதை வந்தது. பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஒருத்தியின் கதை. எட்டாவது வாரம் அவள் ஊரைவிட்டு ரயிலேறிப் போய்விடுவாள்; கதை முடியும். அப்படித்தான் என் மனசில் இருந்தது. ஆறாவது வாரம் கடிதங்கள் குவிந்தன. இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கும் ஆசை இருந்தது. எட்டாவது வாரம் அவளை ரயிலைத் தவறவிடச் செய்தேன். அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வாரம் அவளுக்கு என்னென்னவோ நேர்ந்தது. ஆனால் என் கணக்கில் அவள் அத்தனை நாளும் பிளாட்பாரத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். புத்தகமாக வந்தபோது நன்றாக விற்றது. இன்றும் என்னைச் சந்திக்கிறவர்கள் அந்தக் கதையைச் சொல்லித்தான் புகழ்கிறார்கள். அவர்கள் புகழும்போதெல்லாம் இரண்டடிக்கு மூன்றடித் தகடு ஒன்று என் கண்முன் வந்து நிற்கிறது.

வாசகர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் சுவருக்காகப் படம் வாங்கிய அந்த நியூயார்க் குடும்பஸ்தருக்கும் பங்கு உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓரத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கும் வரை ஓரத்தில் கிறுக்குகிறவர்கள் இருப்பார்கள்.

நான் பார்ப்பதே புத்தகத்தில் அச்சான நகல்கள். தகட்டின் பிரதிக்குப் புகைப்படம், புகைப்படத்துக்கு அச்சு. ஓரக் கிறுக்கலும் இல்லை, பட்டுத் துணியும் இல்லை, ஓவியர் கையெழுத்தும் இல்லை. வியாபாரி அபூர்வம் என்று விலை வைத்ததெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. இத்தனை கை மாறி வந்த பிறகும் மேரி மோரானின் குளக்கரையில் காற்று வீசுகிறது. ஹோமரின் மாலுமிகள் தலை நிமிரவில்லை. அனகாபாவின் பறவைகள், யாருக்கும் பிரயோசனமில்லாமல், பாறைக்கு மேலே பறந்துகொண்டிருக்கின்றன. அவை எடுத்துக்கொண்ட இடம் கட்டைவிரல் அகலம்கூட இருக்காது.

புத்தகத்தை நாளைக்குச் சிநேகிதரிடம் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன். அதற்கு முன்னால் அந்த வாத்தியாரம்மாவின் கதையை எடுத்து, எட்டாவது வாரத்தில் அவளை ரயிலேற்றி அனுப்பிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. யாரும் அச்சிடாவிட்டாலும் பாதகமில்லை.